மழை விட்டது, தூவானம்?

(இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வெள்ளமும் மண்சரிவும் பார்த்துப் பயந்த பிள்ளைகள். ஆகவே மற்றவை அடுத்த வாரம்.)

கே: மழைச் சத்தம் கேட்டாலே என் ஏழு வயசுப் பொண்ணு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கறா. ‘ஒண்ணுமில்ல கண்ணு’ன்னு எத்தனை தடவை சொன்னாலும் வெளிய வர மாட்டேங்கறா. என்ன பண்ணட்டுங்க?
— ஒரு தாய், வால்பாறை

ப: ‘ஒண்ணுமில்ல’ என்றால் எப்படி வருவாள்? ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். 2024 ஜூலை கடைசியில் கொட்டிய மழையில் சோலையாறு அணைப் பக்கம் வீட்டின் மேல் மண் சரிந்து ஒரு பாட்டியும் பேத்தியும் போய்ச் சேர்ந்தார்கள். ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. எஸ்டேட் லைன் வீட்டில் இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். பெரியவர்கள் குசுகுசுத்தது அவள் காதுக்குள் முழுசாகப் போயிருக்கும், அர்த்தம் பாதிதான் போயிருக்கும். மீதிப் பாதியை அவளே இட்டுக்கட்டிக்கொண்டிருப்பாள். அது நடந்ததைவிடப் பயங்கரமாக இருக்கும்.

முதலில் நீங்களும் கட்டிலுக்கு அடியில் போங்கள். இடுப்பு ஒத்துழைக்காவிட்டால் பக்கத்தில் தரையில் பாய் போடுங்கள். ‘ஆமா கண்ணு, பலமாத்தான் பெய்யுது, எனக்கும் கேக்குது’ என்று ஆரம்பியுங்கள். பிறகு அவள் வயதுக்குத் தக்கபடி உண்மையைச் சொல்லுங்கள்: நம் வீட்டுக்கு மேலே சரிவு இருக்கிறதா, இருந்தால் எப்போது கிளம்புவோம், எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவோம், யார் கையை யார் பிடித்துக்கொள்வது. இல்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொல்லாதீர்கள். ஒரு பொய் வெளிப்பட்டால் அடுத்து நீங்கள் சொல்லும் பத்து உண்மையும் செல்லாது.

அப்புறம் ஒரு டார்ச் லைட்டை அவளிடம் கொடுத்து, இந்த வீட்டு டார்ச்சுக்கு இனி நீதான் அதிகாரி என்று சொல்லிவிடுங்கள். பேட்டரி பார்ப்பது, கதவோரம் மாட்டிவைப்பது, கரண்ட் போனால் முதலில் எரியவிடுவது எல்லாம் அவள் பொறுப்பு. அதிகாரி எத்தனை நாள்தான் கட்டிலுக்கு அடியில் ஆபீஸ் நடத்த முடியும்?

கே: குழந்தைகளுக்கு என்னங்க தெரியும்? ரெண்டு நாள்ல மறந்துரும்.
— கவுந்தப்பாடி

ப: போன தீபாவளிக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன சைக்கிளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

கே: ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து, ஒரு வாரம் கல்யாண மண்டபத்துல இருந்தோம். திரும்பி வந்ததுல இருந்து ஒம்பது வயசுப் பையன் படுக்கையில ஒண்ணுக்குப் போறான். மாமியார் ‘ஏழு கழுதை வயசாச்சு’ன்னு நாலு பேர் முன்னாடி திட்டறாங்க.
— பள்ளிபாளையம்

ப: மாமியாருக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு பிள்ளைகள் சில வாரங்கள் வயதில் பின்னால் போவது வழக்கம். ஒன்பது வயதுப் பையன் ஐந்து வயதாகிவிடுவான். விரல் சூப்புவான், முந்தானையைப் பிடித்துக்கொண்டே வருவான், தனியாகத் தூங்க மாட்டான், காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்பான். உடம்பு எடுத்துக்கொள்கிற விடுமுறை அது. திட்டினால் விடுமுறை நீளும். ரப்பர் ஷீட்டை விரியுங்கள், நனைந்தால் சத்தமில்லாமல் மாற்றுங்கள், விஷயம் தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, குளியல், தூக்கம் மூன்றும் தினமும் அதே நேரத்தில் நடக்கட்டும். உலகமே தாறுமாறான பிறகு, இட்லி எட்டு மணிக்கு வருவது பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். மாதம் ஒன்று தாண்டியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: பொண்ணு தூக்கத்துல அலறுது. பயந்துகிச்சு, மந்திரிச்சு விடோணும்னு எங்க அப்பத்தா சொல்றாங்க. படிச்ச நீங்க என்ன சொல்றீங்க?
— காங்கேயம்

ப: தாராளமாக மந்திரியுங்கள். வேப்பிலை யாரையும் கடிக்காது. தனக்காகப் பெரியவர்கள் நேரம் ஒதுக்கி, தலையில் கை வைத்து, ‘இனி உனக்கு ஒண்ணும் ஆகாது சாமி’ என்று சொல்வதைக் கேட்கிற பிள்ளைக்கு அதுவும் ஒரு தெம்புதான். ஆனால் திருநீறு பூசிவிட்டுப் பொண்ணைத் தனியறையில் படுக்கப் போட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். இரவில் பக்கத்தில் படுத்துக்கொள்வது அப்பத்தாவின் வேலை.

கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் இருப்பது தெரியுமல்லவா? போன நூற்றாண்டின் முற்பாதியில் பிளேக் திரும்பத் திரும்ப வந்தபோது நம் ஆட்கள் அம்மனைக் கும்பிட்டார்கள், ஊரைக் காலி செய்து வெளியே கொட்டகை போட்டும் தங்கினார்கள். சாமியும் சரி, சமயோசிதமும் சரி, இரண்டும் கையில் இருந்தன.

கே: 2018-ல தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு எங்க வாசல் செவுத்துல சுண்ணாம்புல கோடு போட்டு வெச்சிருக்காரு எங்க மாமனார். என் சின்னப் பையன் தினமும் அந்தக் கோட்டுப் பக்கத்துல போய் நின்னு உயரம் பார்க்கறான். அழிச்சறலாமா?
— பவானி

ப: அழிக்காதீர்கள். உங்கள் மாமனார் செய்திருப்பது நீர்வளத் துறை செய்கிற வேலை. அதைச் சம்பளமில்லாமல் செய்திருக்கிறார். பையன் அங்கே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்: இன்னொரு தடவை இவ்வளவு தண்ணி வந்தால் என் மூக்குக்கு மேலேயா, கீழேயா? அந்தக் கணக்கை அவன் தனியாகப் போடுவதுதான் பிரச்சினை. நீங்களும் போய் நில்லுங்கள். ‘தண்ணி இங்கே வந்தப்ப நாம இந்த வீட்டுலயே இல்லை, அதுக்கு முன்னாடியே மண்டபத்துக்குப் போயிட்டோம்’ என்று சொல்லுங்கள். அவன் மனதில் ஓடுகிற படத்தில் அவன் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறான். அங்கிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியது நீங்கள். அதே சுவரில் அவன் உயரத்துக்கும் பிறந்தநாள்தோறும் ஒரு கோடு போடுங்கள். வெள்ளக்கோடு நின்ற இடத்தில் நிற்கும், இவன் கோடு ஏறிக்கொண்டே போகும். மாமனாரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், சுவர் அவருடையது.

கே: எங்க ஓடைக்கரை வீடு போச்சு, தறியும் போச்சு. பையன் பத்தாவது. வீடு கட்டி முடிக்கற வரைக்கும் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல போட்டா எல்லாத்தையும் மறந்து மார்க் வாங்கிருவானுங்களா?
— குமாரபாளையம்

ப: மார்க் வாங்கலாம். மறப்பானா என்பதற்கு நாமக்கல் உத்தரவாதம் தராது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது ஆயிரமாயிரம் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துப் பத்திரமான ஊர்களுக்கு அனுப்பினார்கள். அப்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்காமும் கவனித்து எழுதிய விஷயம் இது: குண்டு விழுகிற ஊரில் அம்மாவோடு இருந்த பிள்ளைகளைவிட, பத்திரமான ஊரில் அம்மா இல்லாமல் இருந்த பிள்ளைகள்தான் அதிகம் கலங்கிப்போனார்கள். பையன் பெரியவன்தான், ஆனாலும் வீடு போன கையோடு வீட்டு மனுஷரும் கண்ணில் படாமல் போனால் தாங்குவது கஷ்டம். வாடகை வீடோ, அம்மிச்சி வீட்டுத் திண்ணையோ, உங்களோடு இருக்கட்டும். புது வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். தற்சமயத்துக்கு அதுவும் கணக்குப் பாடம்தான்.

கே: ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் அழலாமா?
— பெருந்துறை

ப: அழாத ஆம்பளைகள் சாயங்காலம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

கே: முகாமுக்கு வந்த ஒருத்தர் குழந்தைகளை வட்டமா உட்கார வெச்சு, ‘அன்னைக்கு என்ன நடந்துச்சு, ஒவ்வொருத்தரா சொல்லுங்க’ன்னாரு. பேசினாத்தான் மனசு ஆறுமாம். என் பொண்ணு அப்ப இருந்து இன்னும் மோசம்.
— கோத்தகிரி

ப: நல்ல மனசு, கெட்ட முறை. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரமே மூன்று சொல்தான்: பார், கேள், சேர்த்துவிடு. என்ன தேவை என்று பார். பேசினால் காது கொடு. உதவி கிடைக்கும் இடத்தில் சேர்த்துவிடு. பேசச் சொல்லி நெருக்காதே என்றும் அதில் இருக்கிறது. ஒரே தடவை உட்காரவைத்து எல்லாவற்றையும் கிளறுவதால் பலனில்லை என்பதோடு, சிலருக்கு அது புண்ணைக் கீறுவதாகவும் ஆகிவிடும்.

நமக்கு இந்தப் பாடம் கடல் தாண்டித் தமிழிலேயே இருக்கிறது. போரையும் சுனாமியையும் அடுத்தடுத்துப் பார்த்த ஈழத்தில், யாழ்ப்பாணத்து மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்று தமிழிலேயே புத்தகம் எழுதிவைத்தார். மட்டக்களப்பில் 1996-ல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைவார்கள், வண்ணம் தீட்டுவார்கள், கதை கட்டுவார்கள், ஆடுவார்கள். ‘உன் வீட்டில் யார் செத்தார்கள்’ என்று கேட்கிற மேஜை அங்கே கிடையாது. சொல்ல வேண்டியது களிமண்ணில் தானாக வரும். உங்கள் பொண்ணிடம் ஒரு டப்பா கிரேயான் கொடுத்துவிட்டு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆயுங்கள். அவள் பேசினால் கீரையைக் கீழே வையுங்கள்.

கே: பிள்ளைங்க ‘வெள்ள விளையாட்டு’ விளையாடறாங்க. ஒருத்தன் ஆறு, ஒருத்தன் வீடு, ஒருத்தி பிணம். பார்க்கவே பதறுது. தடுக்கலாமா?
— சிறுமுகை

ப: பிணம் எழுந்து வந்து காப்பி கேட்கிற வரை விட்டுவிடுங்கள். புரியாததைப் பிள்ளைகள் விளையாடித்தான் புரிந்துகொள்வார்கள். ஆனால் வாரக்கணக்கில் அதே விளையாட்டு, அதே முடிவு, சிரிப்பே இல்லை என்றால் மட்டும் நடுவில் புகுந்து, ‘பயர் சர்வீஸ் படகு வருது, யாரு ஓட்டறது?’ என்று கேளுங்கள்.

கே: நடூர்ச் சுவர் விழுந்தப்ப என் பையன் கைக்குழந்தை. இப்ப விவரம் தெரிஞ்சு, ‘அவங்கெல்லாம் ஏன் செத்தாங்க?’ன்னு கேக்கறான். ‘மழையில செத்தாங்க’ன்னு சொல்லிட்டேன். சரிதானுங்களே?
— மேட்டுப்பாளையம்

ப: மழை பெய்தது உண்மை. 2019 டிசம்பர் 2, விடிவதற்கு முன்னால். ஆனால் 17 உயிரைக் கொண்டுபோனது ஓட்டு வீடுகளை ஒட்டி இருபதடி உயரத்துக்கு எழுப்பியிருந்த கருங்கல் சுவர். அது எப்போது வேண்டுமானாலும் விழும் என்று அங்கே குடியிருந்தவர்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இறந்த 17 பேரும் தலித் மக்கள். சுவர் ஏன் அத்தனை உயரம் என்று கேட்டவர்களிடம், அது தங்களைக் கண்ணில் படாமல் மறைக்கத்தான் என்று அங்கே குடியிருந்தவர்கள் சொன்னார்கள். இதையெல்லாம் ‘இயற்கைப் பேரிடர்’ என்ற தலைப்பில் போட்டு மூடினால் இயற்கையே கோபித்துக்கொள்ளும்.

கைக்குழந்தையாக இருந்தவனுக்கு இவ்வளவு வேண்டாம். ‘சுவரைச் சரியாகக் கட்டவில்லை, சரி பண்ணச் சொன்னபோது சரி பண்ணவில்லை, மழை வந்ததும் விழுந்துவிட்டது’ என்பது போதும். பழியை மழை மேல் போட்டால் மழையைக் கண்டு பயப்படுவான். சுவரைச் சொன்னால் நாளைக்குச் சுவரைக் கேள்வி கேட்பான். நமக்கு இரண்டாவது ஆள்தான் வேண்டும். இன்னொன்றும் சொல்லுங்கள்: அந்த விடியலில் மகளையும் மகனையும் ஒன்றாகப் பறிகொடுத்த ஒரு தகப்பன், டீக்கடையில் வேலை பார்த்தவர், இரண்டு பேர் கண்களையும் தானம் கொடுத்துவிட்டார்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிறு பிள்ளைகள் ‘நான் சேட்டை பண்ணினதாலதான் இப்படி ஆச்சு’ என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வதுண்டு. கேட்காவிட்டாலும், ‘இதுல உன் தப்பு எதுவுமே இல்ல’ என்று சொல்லிவையுங்கள்.

கே: வெள்ளக் காட்சி வீடியோ எல்லாம் போன்ல பாத்துக்கிட்டே இருக்கான். பொது அறிவுதானேங்க?
— அவினாசி

ப: ஒரே சுவர் நூறு தடவை இடிவதைப் பார்க்கிற சின்னப் பையனுக்கு நூறு சுவர் இடிகிறது. போனை வாங்கி வைத்துவிட்டு, நீங்களும் பார்ப்பதை நிறுத்துங்கள்.

கே: ஒரே வெள்ளம், ஒரே முகாம். சில பிள்ளைக தேறிருதுக, சிலது தேற மாட்டேங்குது. எதுனாலங்க? பொறந்த நேரமா?
— ஆசிரியை, அந்தியூர்

ப: ஜாதகத்தை மூடி வையுங்கள் டீச்சர், விடை அதில் இல்லை. ஹவாயில் கவாய் என்றொரு தீவு. 1955-ல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று எல்லாக் கெட்டதும் சூழ்ந்த வீட்டில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே தேறி நின்றார். அவர்களிடம் அடிக்கடி காணப்பட்ட ஒன்று: மாறாத அன்போடு கூடவே நின்ற ஒரு பெரியவர். அம்மாவாக இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, ஒரு டீச்சர் யாராகவும் இருக்கலாம். இந்த ஆராய்ச்சியைக் கேட்டால் எங்கள் ஊர் அப்புச்சிகள், ‘இதுக்கு எதுக்குங் கண்ணு ஹவாய் வரைக்கும் போனாங்க?’ என்பார்கள்.

நம் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகையில் அன்னை சத்யா இல்லம் ஏற்பட்டது. அப்போது ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் அங்கே அடிக்கடி போய்வந்தார்கள். மாறுதல் வந்து ஊர் ஊராகப் போன பிறகும் விடவில்லை. அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் பின்னாளில் ராதாகிருஷ்ணன் முன்னின்று நடத்தினார். நிவாரணத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்ள நூறு பேர் வருவார்கள். பிள்ளைக்கு வேண்டியது பதினைந்து வருஷம் கழித்தும் வருகிற ஒரே ஒருவர். உங்கள் வகுப்பில் அப்படி யாருமில்லாத பிள்ளை எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கே: பள்ளிக்கூடம் திறந்தாச்சு. இன்னும் ஒரு மாசம் வீட்டுலயே இருந்து ரெஸ்ட் எடுக்கட்டுமே?
— கூடலூர்

ப: வேண்டாம். வயநாட்டு மண்சரிவில் வெள்ளார்மலைப் பள்ளி மண்ணும் பாறையுமாகச் சிதைந்துபோனது. பிள்ளைகள் கூட்டாளிகளை இழந்திருந்தார்கள். அப்படியும் 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி மேப்பாடியில் அவர்களுக்கு வகுப்பு தொடங்கிவிட்டது. முதல் வாரம் பாடம் ஏறாது, பரவாயில்லை. பெஞ்சும், மணியும், சண்டை போடப் பக்கத்து ஆளும் இருந்தால் போதும். அந்தப் பள்ளியின் மாணவர் இதழில், மண்சரிவுக்கு முன்பே ஒரு சிறுமி கதை எழுதியிருந்தாள்: பறவை ஒன்று வந்து, ஓடிவிடுங்கள் என்று பிள்ளைகளை எச்சரிக்கிறது. பிள்ளைகள் எழுதுவதைப் பெரியவர்களும் அவ்வப்போது வாசிக்கலாம்.

கே: எனக்கே ராத்திரி தூக்கமில்லைங்க. நான் எங்க இருந்து பிள்ளைக்குத் தைரியம் சொல்றது?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

ப: சொல்லாதீர்கள். 2011 நவம்பரில் ஒரே ராத்திரியில் ஜம்மனை ஓடை பொங்கியதைப் பார்த்த ஊர் உங்களுடையது; பயம் நியாயம்தான். ‘அம்மாவுக்கும் பயமா இருந்துச்சு, பெரியம்மாகிட்டப் பேசினேன், இப்பப் பரவாயில்ல’ என்று சொல்கிற தாயைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்கிற விஷயம் அதிகம். பயப்படாத மாதிரி நடிக்கிற தாயைப் பார்த்தால், பயத்தை மறைக்க வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். உங்களுக்காகவே ஒரு போன் போடுங்கள்: 14416, டெலி மானஸ். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆபத்தென்றால் 1098. சாப்பிடாமல், விளையாடாமல், பேசாமல் ஒரு மாதம் தாண்டினாலோ, ‘செத்துப் போயிரலாம்’ என்று பிள்ளை ஒரு தடவை சொன்னாலோ, காத்திருக்காமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஊர் என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள். ஊருக்குப் பேச வேறு விஷயம் கிடைக்காமல் போகாது.

கே: வெள்ளம் வந்த ஊருக்குக் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு லாரி சாமான் அனுப்பறோம். குழந்தைகளுக்கு என்ன வைக்கலாம்?
— பீளமேடு

ப: அவரவர் அளவுக்குப் புது உள்ளாடை, செருப்பு, நோட்டு, பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ், ரெண்டு டஜன் பந்து, பெரிய பெண்களுக்கு நாப்கின். வைக்கக்கூடாதது: நீங்கள் போடாத பழைய துணி, பேனர், கேமரா.

கே: கோயம்புத்தூர் சிட்டிக்குள்ள இருக்கறவங்க பிள்ளைகளுக்கு எதுக்குங்க வெள்ளப் பயிற்சியெல்லாம்?
— ஆர்.எஸ். புரம்

ப: ஒரு நல்ல மழையில் லங்கா கார்னர் பாலத்தடிக்குப் போய் நின்றுவிட்டு வந்து கேளுங்கள். நீச்சல் தெரிந்தால் கேட்க வருவீர்கள்.

கே: முன்கூட்டியே சொல்லிக் குடுத்தா பிள்ளைக இன்னும் பயந்துக்காதுங்களா?
— சத்தியமங்கலம்

ப: இந்தோனேசியாவில் சிமெலு என்று ஒரு தீவு. 1907-ல் அங்கே கடல் ஊருக்குள் வந்து ஏகப்பட்ட பேர் போனார்கள். மிஞ்சியவர்கள் அதைத் தாலாட்டாகவும் கதையாகவும் ஆக்கிவிட்டார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004-ல் நிலம் ஆடியது, ஓடினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் இறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜப்பானில் கமாயிஷி நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் 2011 மார்ச் 11 சுனாமியின்போது பெரியவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. பெரிய வகுப்பு சின்ன வகுப்பின் கையைப் பிடித்துக்கொண்டு மேடேறியது. தாலாட்டுப் பாடிச் சொன்னதால் எந்தக் குழந்தையும் பயந்து தூங்காமல் இருந்ததாகத் தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோதுதான் பயம் பெரிது. நம் பங்குக்கு ஒரு பை போதும்: ரேஷன் கார்டு, ஆதார் நகல், மாத்திரை, ஒரு செட் துணி, ஒரு பாட்டில் தண்ணீர், முறுக்குப் பொட்டலம். முறுக்கு மாதாமாதம் காணாமல் போகும், அதற்கும் ஒரு அதிகாரியை நியமியுங்கள்.

கே: நீங்க போன வருஷம் எழுதினதெல்லாம் செஞ்சோம். பொண்ணுக்கு மழைப் பயம் சுத்தமாப் போயிருச்சு. இப்ப ஆத்துல தண்ணி வருதுன்னா செல்பி எடுக்கப் பாலத்துக்கு ஓடறா!
— மேட்டுப்பாளையம்

ப: பயத்தைக் குறைக்கத்தான் சொன்னேன், மொத்தமாகக் காலி செய்யச் சொல்லவில்லையே அம்மணி! பவானிக்கரையில் வளர்கிற பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டோடு ஒரு கணக்குச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பில்லூர் அணை 100 அடி. தண்ணி 97-ஐத் தொட்டால் திறந்துவிடுவார்கள், கரையோரத்துக்கு எச்சரிக்கை வரும். 97 என்றால் துணி துவைக்கப் போகக்கூடாது, குளிக்கப் போகக்கூடாது, மாட்டை ஆற்றில் விடக்கூடாது, பாலத்தில் நிற்கக்கூடாது. அணை நிலவரத்தைத் தினமும் செய்தியில் பார்த்து வீட்டுக்கு அறிவிக்கிற வேலையை அவளிடமே ஒப்படையுங்கள். போனை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.